ஸ்கூல் சிபிஎஸ்இக்கு மாறுதாம், கையெழுத்துப் போடலாமா அக்கா?

கேள்வி: அக்கா, நாங்க பாம்பன் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகுல கடலுக்குப் போறவர், சொந்தப் படகு இல்ல, பங்குக்குத்தான் போறாரு. பொண்ணு எட்டாவது, பையன் மூணாவது, ரெண்டு பேரும் ஒரே மெட்ரிக் ஸ்கூல். வர்ற ஏப்ரல்ல இருந்து ஸ்கூல் முழுசா சிபிஎஸ்இக்கு மாறுதுன்னு சர்க்குலர் கொடுத்து விட்டிருக்காங்க, கூடவே ஒரு சம்மதக் கடிதம், அதுல பெத்தவங்க கையெழுத்துப் போடணுமாம். அடுத்த வாரம் மீட்டிங். துபாய்ல இருக்கிற கொழுந்தன் "யோசிக்காம போட்டுக் கொடுங்க மதினி, சிபிஎஸ்இ படிச்சாத்தான் நீட்டு, வெளிநாடு எல்லாம்"ங்கிறாரு. மாமியார் "இந்தி தெரியாம புள்ள தவிச்சுப் போகும்"ங்கிறாங்க. பக்கத்து வீட்டு அக்கா, பேசாம கவர்மெண்ட் ஸ்கூல்ல போடு, மெடிக்கல் சீட்டுல 7.5% ஒதுக்கீடு கிடைக்கும்ங்கிறாங்க. பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன், மீட்டிங்ல எந்திரிச்சுக் கேக்க பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?
- பேர் வேண்டாம் அக்கா

பதில்: தங்கச்சி, மீட்டிங் முடியுற வரைக்கும் அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடாதீங்க, வேண்டாம்னும் எழுதிக் கொடுத்துராதீங்க, வீட்டுலயே இருக்கட்டும். உங்க பையனுக்கு ஒரு பதில் இருக்கு, பொண்ணுக்கு வேற பதில் இருக்கு, ஆனா சர்க்குலர்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கையெழுத்துதான் கேக்குறாங்க, சிக்கலே அங்கதான். வீட்டுல எல்லாரும் எந்த போர்டு நல்லதுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, உங்க பொண்ணோட அடுத்த ரெண்டு வருஷத்தை முடிவு பண்ணப்போறது அது இல்ல, ஸ்கூல் எப்படி மாறப்போகுது, எந்த வகுப்புல இருந்து மாறப்போகுது, யார் பாடம் எடுக்கப்போறாங்கங்கிறதுதான்.

மொதல்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. இப்ப உங்க புள்ளைங்க படிக்கிறது பேருக்குத்தான் மெட்ரிக், 2010-11ல சமச்சீர் கல்வி வந்ததுல இருந்து புத்தகம் எல்லாம் அரசுப் பள்ளிப் புத்தகமேதான், கேஸ் நடந்து 2011 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே அதை நடைமுறைப்படுத்தச் சொல்லிருச்சு. அப்புறம் 2018-19லயும் 2019-20லயும் எல்லா வகுப்புக்கும் புதுப் புத்தகம் போட்டாங்க, அதுல பிளஸ் ஒன், பிளஸ் டூ சயின்ஸ் புத்தகமெல்லாம் நல்லா கனமாவே இருக்கு. ஸ்டேட் போர்டுன்னா ஒண்ணும் இல்லாத படிப்புங்கிறது பழைய புத்தகத்தை வச்சு ஊருக்குள்ள நிலைச்சுப்போன பேச்சு. பத்தாவது ஜியாகிரபில தமிழ்நாட்டுக்குன்னே தனியா பாடம் இருக்கு, மன்னார் வளைகுடா பக்கத்துல வளர்ற புள்ள தன் கடலைத் தன் புத்தகத்துல படிக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆனா அதை மட்டும் வச்சு போர்டை முடிவு பண்ண முடியாது, சிபிஎஸ்இலயும் நல்லது இருக்கு, அங்க பத்தாவது பரீட்சையில மனப்பாடம் பண்ணி எழுதுற கேள்வியைக் குறைச்சு, யோசிச்சு எழுதுற கேள்வியைப் பாதி அளவுக்குக் கொண்டு வந்துட்டாங்க, நல்ல டீச்சர் இருந்தா புள்ளைக்கு அது பெரிய லாபம்.

மீட்டிங்ல நீங்க கேக்க வேண்டிய மொத கேள்வி, அஃபிலியேஷன் கையில வந்திருச்சாங்கிறதுதான். மாறப்போறோம்னு சொல்றது வேற, சிபிஎஸ்இ போர்டு இணைப்பு கொடுத்து நம்பர் வர்றது வேற. பல ஊர்ல சிபிஎஸ்இ பேட்டர்ன், சிபிஎஸ்இ சிலபஸ்னு போர்டு மாட்டிருப்பாங்க, இணைப்பு இருக்காது, சின்ன வகுப்புல அது யாருக்கும் தெரியாது, ஒம்பதாவது வரும்போதுதான் வெளிய வரும், ஏன்னா சிபிஎஸ்இல பத்தாவது எழுதணும்னா ஒம்பதாவதுலயே போர்டுல பேர் பதியணும், நேரா பத்தாவதுல போய்ச் சேர்றதெல்லாம் டிரான்ஸ்பர் மாதிரி சில காரணத்துக்குத்தான் ஒத்துக்குவாங்க. இணைப்பு உள்ள ஸ்கூல் பேரெல்லாம் போர்டு வெப்சைட்ல இருக்கும், நீங்களே போன்ல பாக்கலாம், பொண்ணு பாத்துச் சொல்லுவா. இணைப்பு வந்தா எந்த வருஷத்துல இருந்து, எந்த வகுப்பு வரைக்கும்ங்கிறதை அந்த லெட்டரைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்க, வாயால சொன்னா போதாது.

இப்ப பொண்ணு விஷயம். வர்ற ஏப்ரல்ல ஒம்பதாவதும் மாறினா அவதான் அந்த ஸ்கூல்ல சிபிஎஸ்இ பத்தாவது எழுதுற மொத பேட்ச் ஆவா. எட்டு வருஷம் ஒரு மாதிரி கேள்விக்குப் பழகின புள்ள, புத்தகம் புதுசு, பரீட்சை மொறை புதுசு, 80 மார்க்குக்கு எழுதி 20 மார்க் இன்டர்னல், பாடம் எடுக்கிறவங்களுக்கும் அது மொத வருஷம், கேட்டுத் தெரிஞ்சுக்க மேல் வகுப்பு அக்கா ஒருத்தியும் இருக்க மாட்டா. போதாக்குறைக்கு சிபிஎஸ்இ பாடப்புத்தகம் போடுற என்சிஇஆர்டியும் 2023ல இருந்து ஒவ்வொரு வகுப்பா புத்தகத்தை மாத்திக்கிட்டே வருது, அனுபவம் உள்ள டீச்சரே திரும்பத் தயார் பண்ணிக்க வேண்டிய நேரம் இது. என் முடிவைக் கேட்டா, எட்டாவதுல இருக்கிற புள்ளைங்களை இதுல இழுக்கக் கூடாது, அவங்க ஸ்டேட் போர்டுலயே பத்தாவது முடிக்கட்டும், மாத்தறதைக் கீழ் வகுப்புல ஆரம்பிச்சு மேல கொண்டு வாங்கன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து கேக்கணும். இது ஒண்ணும் இல்லாத ஊர்க் கோரிக்கை கிடையாது, நிதானமா மாறுற ஸ்கூல் அப்படித்தான் பண்ணும்.

முடியாதுன்னு சொல்லிட்டா, எட்டாவது முடிஞ்ச கையோட டிசி வாங்கி, பக்கத்துல இருக்கிற அரசுப் பள்ளியிலயோ அரசு உதவி பெறும் பள்ளியிலயோ இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் இருக்கான்னு பாத்து ஒம்பதாவதுல சேத்துருங்க. அதே புத்தகம்தான் தொடரும், புள்ள தடுமாற மாட்டா. ஒம்பதாவதை சிபிஎஸ்இல படிச்சுப் பாத்துட்டு, சரிவரலன்னா பத்தாவதுக்குத் திரும்பலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, அது ரெண்டுங்கெட்டான் ஆயிரும்.

அதுக்காக 7.5% கணக்குப் போட்டு மாத்தாதீங்க. 2020ல வந்த அந்த மெடிக்கல் ஒதுக்கீடு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச புள்ளைங்களுக்கு, காசு கட்டி மெட்ரிக்ல எட்டாவது வரைக்கும் படிச்ச புள்ளைக்கு அது வராது. காலேஜ்ல மாசம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறாவது கணக்குதான். உங்க பொண்ணு ஆர்டிஇ 25% சீட்டுல, அதாவது தனியார் பள்ளியில அரசு பீஸ் கட்டுற சீட்டுல சேந்த புள்ளையா இருந்தா மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்க, அவங்களுக்கு விதி வேற.

பையனுக்கு எனக்கு அவ்வளவு பயம் இல்ல. நாலாவதுல மாறினா புள்ள பழகிக்குவான், சின்ன வகுப்புல எந்தப் புத்தகமா இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா, கணக்கு வருதாங்கிறதுதான் பேச்சு. அவனுக்கு நீங்க யோசிக்க வேண்டியது பணம்.

இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா அந்த சர்க்குலர் எழுதினவங்க கடல் காலண்டரைப் பாத்து எழுதின மாதிரி தெரியல. சிபிஎஸ்இல வருஷம் ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஆரம்பிக்குது. நம்ம கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், முந்தி 45 நாளா இருந்தது 2017ல இருந்து 61 நாள் ஆச்சு. அப்ப மொத டேர்ம் பீஸ், புதுப் புத்தகம், புது யூனிஃபார்ம் எல்லாம் உங்க வீட்டுக்காரர் கடைசி ரெண்டு வாரம் கடலுக்குப் போற நேரத்துல வந்து நிக்கும், அதுக்கப்புறம் ரெண்டு மாசம் விசைப்படகு கரையிலதான் கெடக்கும். தடைக்கால நிவாரணத்தை 5,000ல இருந்து 8,000 ஆக்குறதா 2023ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல அறிவிச்சாங்க, அந்த 8,000 வீட்டுச் சாப்பாட்டுக்கே காணாது. இப்பவே ஜூன் மாசம் பீஸ் கட்ட எத்தனை வீட்டுல படகு முதலாளி சம்மாட்டிகிட்ட முன்பணம் வாங்குறாங்கன்னு உங்களுக்கே தெரியும், வாங்கினா அந்த வருஷம் முழுக்க அவர் படகை விட்டு நகர முடியாது. இலங்கை நேவி ஒரு படகைப் பிடிச்சுட்டா அந்தப் பங்குக்காரங்க வீட்டுல எல்லாம் அந்த மாசக் கணக்கே நின்னு போகும். அதனால பீஸை நாலஞ்சு தவணையா பிரிச்சு, பெரிய தவணையை ஜூலைக்கு அப்புறம், மீன்பாடு வர ஆரம்பிச்ச பெறகு வச்சுக்கங்கன்னு கேளுங்க. இது தர்மம் கேக்குறது இல்ல, கடலை நம்பி இருக்கிற ஊர்ல ஸ்கூல் நடத்துறவங்க யோசிக்க வேண்டிய ஒண்ணு.

பீஸ் எவ்வளவு ஏறுதுன்னும் இப்பவே கேட்டுருங்க. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி தமிழ்நாட்டுல ஓய்வு பெற்ற ஹைகோர்ட் ஜட்ஜ் தலைமையில கமிட்டி இருக்கு, அந்த ஆணை எங்க, எவ்வளவு போட்டிருக்குன்னு காட்டச் சொல்லலாம். புத்தகம் என்சிஇஆர்டியா இல்ல வேற பப்ளிஷர் புத்தகமான்னும் கேளுங்க, என்சிஇஆர்டின்னா விலை குறைவு, நெட்ல இலவசமாவே கிடைக்குது, வேற கம்பெனி செட்டா வாங்கச் சொன்னாங்கன்னா அங்கதான் காசு கரையும்.

இந்தி பத்தி மாமியார் பயப்படுறது நியாயம்தான், ஆனா முழுசா சரியில்ல. சிபிஎஸ்இல ஆறாவதுல இருந்து மூணாவது மொழி வச்சிருக்காங்க, 2020 தேசியக் கல்விக் கொள்கையும் மூணு மொழிதான் சொல்லுது, அது இந்தியாத்தான் இருக்கணும்னு அதுல இல்ல. நம்ம மாநிலம் 1968ல இருந்து ரெண்டு மொழிதான். உங்க பையன் ஆறாவது வரும்போது இது அவனுக்கு வரும், அப்ப எந்த மொழி, அதுக்கு நிரந்தரமா டீச்சர் இருக்காங்களா இல்ல பேருக்கு ஒரு பீரியடாங்கிறதைக் கேளுங்க. தமிழ் போயிருமோன்னு பயப்பட வேண்டாம், 2006 தமிழ் கற்கும் சட்டத்தை 2015-16ல இருந்து சிபிஎஸ்இ பள்ளிக்கும் படிப்படியா கொண்டு வந்துட்டாங்க, பத்தாவது வரைக்கும் தமிழ் படிக்கணும்.

கொழுந்தனார் சொல்றதுல ஒரு பாதி உண்மை. வளைகுடா நாட்டுல இந்தியன் ஸ்கூல் பெரும்பாலும் சிபிஎஸ்இ, கீழக்கரைப் பக்கம் குடும்பத்தோட அங்க போயிட்டு வர்ற வீட்டுக்கு அது ரொம்ப வசதி, பாதி வருஷத்துல ஊர் மாறினாலும் புள்ளை படிப்பு அறுந்து போகாது. உங்க வீட்டுல யாரும் குடும்பத்தோட துபாய் போகல, அவருக்குப் பொருந்துற காரணம் உங்களுக்குப் பொருந்தாது. நீட் கேள்வி என்சிஇஆர்டியை ஒட்டி வருதுங்கிறது சரிதான், ஆனா அந்தப் பாடமெல்லாம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடம், நம்ம ஸ்டேட் புத்தகத்தோட என்சிஇஆர்டியையும் அந்த ரெண்டு வருஷம் சேத்துப் படிக்கலாம். இன்ஜினியரிங்னா தமிழ்நாடு அரசு நடத்துற கவுன்சிலிங்குக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். பொண்ணுக்கு டாக்டர் ஆகணும்னு இருக்கா, இல்ல அதுவும் கொழுந்தனார் ஆசையான்னு அவகிட்ட ஒரு தடவை கேளுங்க, லெட்டர்ல அவ என்ன சொல்றாங்கிறது ஒரு வரிகூட இல்ல, சாப்பிடலைன்னு மட்டும்தான் இருக்கு.

ஒம்பதாவது கணக்குப் புத்தகம் ரெண்டையும், ஸ்டேட் போர்டும் என்சிஇஆர்டியும், போன்ல இறக்கி அவகிட்டக் கொடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அவளுக்குப் பிடிச்ச டீச்சர் யாரு, அவங்க அடுத்த வருஷம் இருப்பாங்களான்னும் கேளுங்க. என்னைப் பொறுத்த வரைக்கும் இந்த முழு விஷயத்துலயும் பெரிய கேள்வி அதுதான். தீவுப் பக்கம் வந்து வேலை பாக்குற டீச்சரை நிறுத்தி வைக்கிறது கஷ்டம், போர்டு மாறும்போது பழைய டீச்சரை அனுப்பிட்டுக் குறைஞ்ச சம்பளத்துக்குப் புதுசா எடுத்தாங்கன்னா எந்த சிலபஸ் வந்தும் பிரயோஜனம் இல்ல. கணக்குக்கும் சயின்ஸுக்கும் யாரு, பிஎட் முடிச்சவங்களா, லீவுல அவங்களுக்கு டிரெய்னிங் உண்டா, இதை மேனேஜ்மெண்ட் பதில் சொல்லியே ஆகணும்.

மீட்டிங்ல பேச பயம்னு எழுதிருக்கீங்க. நீங்க தனியா போகாதீங்க, எட்டாவது புள்ளைங்க அம்மா நாலஞ்சு பேரைச் சேத்துக்கிட்டு மொத நாளே ஒரு வீட்டுல உக்காந்து கேள்வியெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க, அம்புட்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல கொடுத்து ஒரு நகல்ல சீல் வாங்கிருங்க. எழுதிக் கொடுத்துட்டா நீங்க எந்திரிச்சுப் பேசணும்னே இல்ல, படிச்சுப் பதில் சொல்ல வேண்டியது அவங்க பொறுப்பு. மீட்டிங் தேதியையும் ஆம்பளைங்க கடலுக்குப் போகாத நாளா மாத்தச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை ஜும்மா நேரமும் ஞாயித்துக்கிழமை பூசை நேரமும் இல்லாம, இல்லாட்டி பாதிப் பேர் வர மாட்டாங்க, வராதவங்க சம்மதிச்சுட்டாங்கன்னு எழுதிக்குவாங்க. இன்னொண்ணு, சிபிஎஸ்இ விதிப்படி ஸ்கூல் நிர்வாகக் குழுவுல ரெண்டு பெற்றோர் இருக்கணும், அந்த போர்டுக்குப் போக ஆசைப்படுற ஸ்கூல் அதையும் இப்பவே பண்ணலாமே, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் மீனவக் குடும்பத்துல இருந்து வரணும்னு கேளுங்க, அது நீங்களா இருந்தாலும் எனக்கு சந்தோஷம்.

கடைசியா கையெழுத்து. மீட்டிங்ல அஃபிலியேஷன் லெட்டரும் பீஸ் விவரமும் காட்டி, எட்டாவது பேட்ச் ஸ்டேட் போர்டுலயே முடிக்கும்னு சொன்னாங்கன்னா, கடிதத்துல பையன் பேருக்கு மட்டும் சம்மதம்னு எழுதுங்க, பொண்ணு பேருக்கு நேரா "பத்தாம் வகுப்பு வரை மாநிலப் பாடத்திட்டத்திலேயே தொடர வேண்டும் என்ற நிபந்தனையுடன்"னு உங்க கையாலயே எழுதிட்டு, கீழ தேதி போட்டு, கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க.