பேக்கப் சர்வர் மெய்நிகரா, தனி இயந்திரமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்களிடம் இரண்டு விஎம்வேர் ஹோஸ்டுகளும் (மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினிகள், ஓடும் சர்வர்கள்) அவற்றுக்குப் பொதுவாக ஒரு ஸ்டோரேஜும் (வட்டுகள் அடங்கிய பெட்டி) உள்ளன. வீம் என்ற பேக்கப் மென்பொருளின் சர்வரை அவற்றிலேயே ஒரு மெய்நிகர் இயந்திரமாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வீமில் மூன்று பகுதிகள் உண்டு: வேலைகளைக் குறித்த நேரத்தில் நடத்தும் மேலாண்மை சர்வர், தரவைப் படித்து அனுப்பும் ப்ராக்ஸி, நகல்கள் தங்கும் ரெப்பாசிட்டரி. முதல் இரண்டும் மெய்நிகர் இயந்திரங்களில் நன்றாகவே ஓடும். ரெப்பாசிட்டரியை மட்டும் அந்தப் பொது ஸ்டோரேஜில் வைப்பது பேக்கப்பே எடுக்காமல் இருப்பதற்குச் சமம்.

ஸ்டோரேஜின் கன்ட்ரோலர் ஒரு நாள் பழுதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீசென்டர் (ஹோஸ்டுகளை நிர்வகிக்கும் மென்பொருள்), டொமைன் கன்ட்ரோலர் (பயனர் கணக்குகளைச் சரிபார்ப்பது), டிஎன்எஸ் (பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றுவது) எல்லாம் அதில் இருந்தவைதான். மேலாண்மை சர்வரும் அங்கேயே இருந்திருந்தால், நகல்கள் வேறொரு பெட்டியில் பத்திரமாக இருந்தாலும்கூட, ஒரு விண்டோஸை நிறுவி, அதில் வீமை நிறுவி, ரெப்பாசிட்டரியை இணைத்து, அதிலுள்ள நகல்களை வீம் படித்து முடிக்கும் வரை காத்திருந்த பிறகுதான் முதல் ரீஸ்டோரையே தொடங்க முடியும். தனி இயந்திரமாக இருந்தால், கன்சோலைத் திறந்து, உடனடி மீட்பு வசதியைக் கொண்டு முக்கியமான இயந்திரங்களை ரெப்பாசிட்டரியிலிருந்தே நேரடியாக இயக்கிவிடலாம். வேகம் குறையும், ஆனாலும் அலுவலகம் நடக்கும்.

தனி இயந்திரம் வாங்கியவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வீசென்டர் இல்லாத வேளையில் ஹோஸ்டை அதன் ஐபி முகவரியைக் கொடுத்து வீமில் நேரடியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த ஹோஸ்டின் ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல், விழுந்துகிடக்கும் அதே ஸ்டோரேஜில் இருந்த கடவுச்சொல் பெட்டகத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். முகவரிகளையும் கடவுச்சொற்களையும் தாளில் எழுதி அலமாரியில் பூட்டி வையுங்கள். பழைய முறை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள் அளவுக்கு, சொந்த வட்டுகள் கொண்ட ஒரே சர்வர் மூன்று பகுதிகளையும் தாங்கும். வேறு ஊரில் கிளையும் அங்கே ஒரு ஹோஸ்டும் இருந்தால், மேலாண்மை சர்வரை அங்கே மெய்நிகராக வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: தனி பேக்கப் சர்வரை வாங்கி, மற்ற சர்வர்கள் இருக்கும் ரேக்கிலேயே பொருத்திவிட்டோம். இது போதுமா?

பதில்: வட்டுப் பழுதுக்குப் போதும், தீவிபத்துக்குப் போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்து எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுவதும் அழிந்தபோது, மூலத்தரவோடு பேக்கப்பும் எரிந்துபோன வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒரு நகலாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: மெய்நிகர் இயந்திரத்தில் பேக்கப் மெதுவாக நடக்கும் என்கிறார்களே?

பதில்: விஎம்வேரில் பல நேரங்களில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஹோஸ்டில் ஓடும் மெய்நிகர் ப்ராக்ஸி, பேக்கப் எடுக்க வேண்டிய இயந்திரத்தின் வட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டு நெட்வொர்க்கைத் தொடாமலே படிக்கும். இதற்கு ஹாட்ஆட் என்று பெயர். வேலை பாதியில் முறிந்தால் அந்த வட்டு ப்ராக்ஸியிலேயே ஒட்டிக்கொண்டு, ஸ்னாப்ஷாட்டை (பேக்கப்புக்காக அந்த நொடியில் பிடித்துவைத்த நிலையை) நீக்க விடாமல் தொல்லை தருவதுண்டு. தனி இயந்திரத்தால் ஹாட்ஆட் செய்ய முடியாது. அது ஃபைபர் சேனல் அல்லது ஐஸ்கஸி (ஸ்டோரேஜை சர்வரோடு இணைக்கும் முறைகள்) வழியாக ஸ்டோரேஜை நேரடியாகப் படிக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் நெட்வொர்க் வழியே ஹோஸ்டிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பிதான் நகரும். 10 டிபி முழு நகலுக்கு 25 மணி நேரம் ஆகும். மாறிய பகுதிகளை மட்டும் எடுக்கும் அன்றாட வேலையில் இது உறுத்தாது. மொத்தத்தையும் திருப்பிப் போடும் நாளில்தான் தெரியும். ஆகவே தனி சர்வர் வாங்கும்போது 10 கிகாபிட் கார்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

நேரடியாகப் படிக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை. ஸ்டோரேஜின் லன்கள் (அது தனித்தனி வட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும் பகுதிகள்) விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அடையாளம் தெரியாத வட்டுகளாகத் தோன்றும். "இனிஷியலைஸ் செய்யவா?" என்று அது கேட்கும்போது பழக்க தோஷத்தில் ஓகே அழுத்தினால் மெய்நிகர் இயந்திரங்களின் கோப்புகள் இருக்கும் உங்கள் டேட்டாஸ்டோரின் மேலேயே எழுதிவிடும்.

கேள்வி: ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருளை மெய்நிகராக வைத்து, நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் இணைந்த வட்டுப் பெட்டி) என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக இணைத்திருக்கிறேன். கார்பேஜ் கலெக்‌ஷன் (பயன்படாத துண்டுகளை நீக்கும் வேலை) முடிவதே இல்லை. தனி இயந்திரத்துக்கு மாற்றினால் சரியாகுமா?

பதில்: அதே நாஸை வைத்துக்கொண்டு மாற்றினால் பெரிதாகப் பலன் இராது. இந்த மென்பொருள் மெய்நிகர் வட்டை 4 எம்ஐபி (ஏறத்தாழ 4 எம்பி) துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக வைக்கிறது. 10 டிபிக்குக் கிட்டத்தட்ட 24 லட்சம் கோப்புகள். கார்பேஜ் கலெக்‌ஷன் பயன்பாட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பின் அணுகல் நேரத்தையும் புதுப்பித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கிறது. சுழலும் வட்டுகள் நெட்வொர்க்குக்கு அப்பால் இருந்தால் இது இழுக்கத்தான் செய்யும். சர்வருக்குள்ளேயே எஸ்எஸ்டி வைப்பது நல்லது. அல்லது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை அமைத்து, மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளைப் பற்றிய விவரங்களுக்கு) மட்டும் எஸ்எஸ்டியை ஒதுக்கலாம். பழைய நகல்களை நீக்கியவுடன் இடம் கிடைக்காததைக் கண்டும் பதற வேண்டாம்: கடைசியாகத் தொட்டு 24 மணி 5 நிமிடம் ஆகாத துண்டுகளை அது அழிப்பதில்லை.

நகல்களைக் குறியாக்கம் செய்கிறீர்கள் என்றால், அதற்கான சாவி பேக்கப் சர்வரில் இல்லை, ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டில்தான் இருக்கிறது. ஹோஸ்ட் போனால் சாவியும் போகும். இன்றே அதை அச்சிட்டு எடுத்து வையுங்கள்.

கேள்வி: டேப் டிரைவை மெய்நிகர் இயந்திரத்தோடு இணைக்கலாமா?

பதில்: டேப் டிரைவை இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டை அந்த இயந்திரத்துக்கே ஒதுக்கினால் ஓடும். அதன் பிறகு அந்த இயந்திரத்தை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்த முடியாது. எனவே மெய்நிகராக வைத்ததன் பயனே போய்விடுகிறது. டேப்புக்குத் தனி இயந்திரமே மேல்.

கேள்வி: அழிக்க முடியாதபடி பூட்டிய லினக்ஸ் ரெப்பாசிட்டரியை மெய்நிகராக வைத்தால் ரான்சம்வேரிலிருந்து (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பாதுகாப்பு கிடைக்குமா?

பதில்: அரைகுறைப் பாதுகாப்புதான். கோப்புகளை அழிக்க விடாத பூட்டு, லினக்ஸுக்குள் இருக்கிறது; ஹோஸ்டைப் பிடித்தவர் உள்ளே நுழையவே தேவையில்லை, மெய்நிகர் வட்டுக் கோப்பையே வெளியிலிருந்து அழித்துவிடலாம். 2023 பிப்ரவரியில் பரவிய இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் ரான்சம்வேர் ஹோஸ்டுகளைத்தான் தாக்கி, அவற்றிலிருந்த இயந்திரங்களின் கோப்புகளைக் குறியாக்கம் செய்தது. இந்த ரெப்பாசிட்டரி தனி இயந்திரமாகவே இருக்கட்டும். அதை டொமைனில் சேர்க்காதீர்கள். ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தொலைமேலாண்மை போர்ட்டையும் அலுவலக நெட்வொர்க்கில் விட்டுவைக்க வேண்டாம், ஏனெனில் அதன் வழியே வருபவர் ரெய்டையே (பல வட்டுகளை ஒன்றாக இணைத்த அமைப்பை) கலைத்துவிட முடியும்.

கேள்வி: பேக்கப் சர்வருக்கும் பேக்கப் வேண்டுமா?

பதில்: வேண்டும். வீம் தன் அமைப்பு விவரங்களைத் தானாகவே நகலெடுக்கிறது; ஆனால் இயல்பாக அந்த நகல் அதே சர்வரின் ரெப்பாசிட்டரிக்கே போகிறது. அதை வேறிடத்துக்கு மாற்றி, குறியாக்கத்தையும் இயக்குங்கள். குறியாக்கம் இல்லாத நகலில் சேமித்த கடவுச்சொற்கள் சேர்க்கப்படுவதில்லை.