ஒரே ஒரு குட்டி போட்ட பூனை: உள்ளே இன்னொன்று தங்கியிருக்குமா?

கேள்வி: எங்கள் பூனைக்குப் பத்து மாதம். மூன்று நாள் முன்பு முதல் தடவையாகக் குட்டி போட்டது, அதுவும் ஒன்றே ஒன்று. எதிர்வீட்டுப் பூனை ஐந்து போட்டிருக்கிறது. உள்ளே குட்டி ஏதாவது தங்கியிருக்குமா? கர்ப்பப்பையில் குறையா? தயிர்ச்சோறும் கொஞ்சம் மீனும்தான் சாப்பாடு.

பதில்: முதலில் பூனையைப் பாருங்கள், எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம். நன்றாகச் சாப்பிட்டு, குட்டியை நக்கி, பால் கொடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தால் உள்ளே எதுவும் தங்கியிருக்க வாய்ப்பு குறைவு. பிரசவத்துக்குப் பிறகு செம்பழுப்பாகக் கொஞ்சம் கசிவது சகஜம். மூன்று வாரம் வரைகூட இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். அது நாறினாலோ, சீழ் போல வந்தாலோ, பூனை சோறு தொடாமல் சுருண்டு கிடந்தாலோ, உடம்பு 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். யாரோ சொன்னார்கள் என்று கர்ப்பப்பையைச் சுருக்கும் ஊசியை மட்டும் வீட்டில் போட்டுவிடாதீர்கள், குட்டி குறுக்கே சிக்கியிருந்தால் கர்ப்பப்பையே கிழிந்துவிடும்.

பூனைக்கு வழக்கமாக 3 முதல் 5 குட்டி. முதல் பிரசவத்தில் குறைவாகப் போடுவது சாதாரண விஷயம், அதிலும் பத்து மாதத்தில் போட்டது என்றால் தாயே இன்னும் வளர்ந்து முடியவில்லை. (1970இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் ஒரு பூனை 19 குட்டி போட்டது உலக சாதனை, அதில் நான்கு செத்தே பிறந்தன, ஆகவே எண்ணிக்கையைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை.) பெட்டைப் பூனைக்கு, கடுவனுடன் சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளியே வரும். பல முறை சேர்ந்தால்தான் அது சரியாக நடக்கும், அதனால் குறைவாகச் சேர்ந்திருந்தாலும் குட்டி குறையலாம். பல கடுவன்களுடனும் சேரலாம் என்பதால் எதிர்வீட்டுப் பூனையின் ஐந்து குட்டிக்கும் அப்பா ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை!

எனக்கு உறுத்துவது அந்தத் தயிர்ச்சோறுதான். பூனை அசைவப் பிராணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும், பூனையின் உடம்பு தனக்குப் போதுமான அளவு அதைத் தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் கரு உள்ளேயே கரைந்துபோகலாம், குட்டி செத்துப் பிறக்கலாம், எடை குறைந்து பிறக்கலாம். உங்கள் பூனைக்கு அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை, ஆனால் பால் கொடுக்கும் இந்த நேரத்தில் சோற்றைக் குறைத்துவிட்டு, வேகவைத்த மீன், கோழி, முக்கியமாகக் கோழி இதயம் கொடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். கடையில் வாங்குவதானால் குட்டிகளுக்கான பூனை உணவாக வாங்குங்கள். நாய் உணவு வேண்டாம்.

ஒற்றைக் குட்டி என்பதால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அது ஒன்றிரண்டு காம்பில்தான் பால் குடிக்கும், மற்றவை கட்டிக்கொள்ளலாம். தினமும் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் கல்லாக, சூடாக, சிவந்து இருந்தால் மடிநோய். குட்டியைச் சமையலறைத் தராசில் எடை போட்டுப் பாருங்கள். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும், நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். அணைத்துக்கொள்ள உடன்பிறப்பு இல்லாததால் தாய் எழுந்து போகும்போது குளிரும், பெட்டியில் பழைய துணி நிறையப் போடுங்கள்.

கடைசியாக, பால் கொடுக்கும் பூனைக்குச் சினை பிடிக்காது என்று நினைத்து வெளியே விட்டுவிடாதீர்கள், தாராளமாகப் பிடிக்கும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டி எட்டு வாரத்தில் பால் மறந்ததும் ஓரிரு வாரம் கழித்துக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். அதற்குப் பதில் ஹீட் (இணைசேரும் பருவம்) வராமல் இருக்க ஹார்மோன் ஊசி போடலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், கர்ப்பப்பையில் சீழ் வைப்பதும் மடி வீங்குவதும் அதனால் வரும்.