மெட்டில்டா என்றால் போரா?

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். என் பாட்டியின் பெயர் மெட்டில்டா. அதையே இவளுக்கும் வைக்க ஆசை. இணையத்தில் தேடினால் ‘போரில் வலிமை மிக்கவள்’ என்று பொருள் போட்டிருக்கிறது. கைக்குழந்தைக்குப் போர்ப் பெயரா என்று மாமியார் முகம் சுளிக்கிறார். அடுத்த மாதம் ஞானஸ்நானம். உண்மையிலேயே அதுதான் பொருளா?

வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள வாசகிக்கு,

வாழ்த்துகள். அந்தப் பொருள் பாதிதான் சரி. பழைய ஜெர்மானிய மொழியில் ‘மஹ்ட்’ என்றால் வலிமை, ‘ஹில்ட்’ என்றால் போர். ஆனால் நடுவில் உள்ள அந்த ‘இல்’ வேற்றுமை உருபை நாமாகப் போட்டுக்கொள்கிறோம். அவர்கள் பெயரை வாக்கியமாகக் கட்டவில்லை. இரண்டு சொற்களை எடுத்து ஒட்டினார்கள், அவ்வளவுதான். குன்ஹில்ட் என்று ஒரு பெயர் உண்டு. அதில் ‘குன்’னும் போர், ‘ஹில்ட்’டும் போர். 6ஆம் நூற்றாண்டு பிராங்கிய அரசி பிரெடெகுண்டின் பெயரில் முன்பாதி சமாதானம், பின்பாதி போர். (அந்த அம்மாள் வாழ்ந்த லட்சணத்துக்கு முன்பாதி வீண்.)

ஒட்டுவதற்கான சொல் பலசமயம் குடும்பத்திலிருந்தே வந்தது. நாம் தாத்தா பெயரை முழுசாகப் பேரனுக்கு வைக்கிறோம். அவர்கள் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மாற்றினார்கள். பழைய ஜெர்மன் வீரப்பாடல் ஒன்றில் தாத்தா ஹெரிபிராண்ட், மகன் ஹில்டெபிராண்ட், பேரன் ஹாடுபிராண்ட். பொருளைவிட உறவுதான் அங்கே முக்கியம். நீங்கள் செய்யப்போவதும் அதுதானே? விஜயா, ஜெயா என்று பெயரிடும்போது நம்மில் யார் போர்க்களத்தை நினைக்கிறோம்?

இந்தப் பெயர் இங்கிலாந்தில் பரவியது நார்மானியர்களால். 1066இல் அந்நாட்டைப் பிடித்த வில்லியமின் மனைவி ஒரு மெட்டில்டா. அவர் மகன் முதலாம் ஹென்றி 1100இல் மணந்த ஈடித், மெட்டில்டா என்று பெயரை மாற்றிக்கொண்டார். இதில் வேடிக்கை, ஈடித் என்ற பெயரிலும் பின்பாதி போர்தான். அவர்களுடைய மகள், பேரரசி மெட்டில்டா, அரியணைக்காக ஸ்டீபன் மன்னரோடு மோதினார். ஸ்டீபனின் மனைவி பெயரும் மெட்டில்டா! 1141இல் பேரரசியின் தரப்பு ஸ்டீபனைச் சிறைபிடித்தது. ராணியின் தரப்பு பேரரசியின் அண்ணனைப் பிடித்தது. கடைசியில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள்.

மாமியாரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். புனித மெட்டில்டாவைச் சொல்லுங்கள். ஜெர்மானிய அரசி, பேரரசர் முதலாம் ஓட்டோவின் தாய், 968இல் இறந்தவர். திருநாள் மார்ச் 14. ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவர், மடங்கள் கட்டியவர்.

அவருடைய மகன்களில் இருவர் அரியணைக்காக அடித்துக்கொண்டதை மட்டும் விட்டுவிடுங்கள்.