மேகமலையில் நின்றவர் நீங்கள் மட்டும்தான்

கேள்வி: நான் தேனியில் வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளாக நிலக்காட்சிப் படங்கள் எடுத்து வருகிறேன். படம் எடுப்பதில் ஆர்வமுள்ள பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிப் பேசுவோம். மார்கழியில் விடுப்பெடுத்து, விடியற்காலைக் குளிரில் காத்திருந்து மேகமலையில் எடுத்த படத்தைக் காட்டியபோது, மூத்தவர் ஒருவர், "பச்சை கண்ணைக் குத்துகிறது, முன்னால் ஒன்றுமே இல்லை, மலை விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடுகிறது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அடுத்த மாதம் இளைஞர் ஒருவரின் வைகை அணைப் படத்தைப் பார்த்து, "வானத்தை ஒட்டவைத்திருக்கிறீர்கள், இதெல்லாம் போட்டோகிராபியே இல்லை" என்று மனத்தில் பட்டதைச் சொன்னேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. இரண்டு மாதங்களாக நான் கூட்டத்துக்குப் போகவில்லை. படங்களைக் காட்டுவதையே நிறுத்திவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேனி)

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் இதுவரை காட்டிய விதத்திலேயே இனியும் காட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் சின்னமனூரிலிருந்து இருட்டோடு கிளம்பியது, விரல் மரத்துப்போய் முக்காலியைத் திருக முடியாமல் நின்றது, இரண்டு நாள் பனி விலகாமல் ஏமாற்றி மூன்றாம் நாள் ஐந்தே நிமிடம் திரை விலகியது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். படத்தின் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கோ ஒன்றரை வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். மனவருத்தத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்குக் குளிரும் தேயிலை வாசனையும் சேர்ந்து வருகின்றன. அறையில் இருந்த மற்ற பதினொரு பேருக்கும் நான்கு விளிம்புகளுக்குள் இருப்பது மட்டுமே வருகிறது. திருமணப் படமென்றால் பார்ப்பவருக்கு மணமக்களையாவது தெரிந்திருக்கும். நிலக்காட்சிப் படத்தில் அந்த உதவியும் கிடையாது. தனுஷ்கோடியில் நான் எடுத்த படம் ஒன்றைப் பல ஆண்டுகள் பொக்கிஷமாக வைத்திருந்தேன், நண்பர் ஒருவர் அதைப் பார்த்து, "இந்தச் சாம்பல் பட்டை கடலா, மணலா?" என்று கேட்ட பிறகுதான், எனக்குப் பிடித்திருந்தது அன்றைய காற்றின் இரைச்சலே தவிரப் படமல்ல என்று விளங்கியது.

இனி அந்த மூத்தவர் சொன்ன மூன்றையும் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் அவை மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மலை விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடு கருத்தே அல்ல. அது சரிபார்க்கக்கூடிய பிழை. எடிட் செய்யும்போது நிழல் பகுதிகளை அளவுக்கு மீறி வெளுக்கவைத்தாலோ, கிளாரிட்டியையும் (விளிம்புகளை எடுப்பாகக் காட்டும் அமைப்பு) கூர்மையையும் கூடுதலாக ஏற்றினாலோ, இருண்ட மலையும் வெளிச்சமான வானமும் சந்திக்கும் இடத்தில் அப்படியொரு ஒளிக்கோடு தோன்றும். படத்தை நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி விளிம்போடு நகர்த்திப் பாருங்கள். கோடு இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அதில் மனம் புண்பட ஒன்றுமில்லை.

பச்சை கண்ணைக் குத்துகிறது என்பது அளவைப் பற்றிய பேச்சு. இதில் உங்கள் கணினித் திரைக்கும் பங்கு இருக்கலாம். திரையின் வெளிச்சமும் வண்ணமும் சரியாக அமையாவிட்டால், உங்கள் மேசையில் மிதமாகத் தெரிந்த பச்சை இன்னொரு திரையில் கூச்சலிடும். அதோடு, விடிந்தும் விடியாத வேளையில் பனிக்குள் இருக்கும் தேயிலைச் சரிவு நண்பகல் பச்சையில் இருப்பதில்லை. அது சற்றே நீலம் கலந்து மங்கி நிற்கும். படம் எந்தப் பொழுதைச் சொல்கிறதோ அந்தப் பொழுதுக்கு அந்தப் பச்சை பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி, பச்சை அழகாக இருக்கிறதா என்பதல்ல.

மூன்றாவதான "முன்னால் ஒன்றுமே இல்லை" என்பது ரசனை சார்ந்தது. அதை நீங்கள் மறுக்கலாம். பனி மட்டுமே நிறைந்த முன்புலம் வேண்டுமென்றே வைக்கப்பட்டதாகவும் இருக்கலாம் அல்லவா? ஆனால் மறுப்பதற்கு முன் எந்த லென்ஸில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். 16 அல்லது 20 மில்லிமீட்டர் போன்ற அகல லென்ஸ் காலடியில் இருப்பதை விரித்துக் காட்டி, தூரத்து மலையைச் சின்னதாக்கிவிடும். விரிந்த அந்த இடத்தில் ஒரு பாறையோ பாதையோ இல்லாவிட்டால், பார்ப்பவரின் கண் கால் வைக்க இடமின்றித் தவிக்கும். அதே காட்சியை, தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் 100 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்திருந்தால் மலை அடுக்குகளே படத்தை நிறைத்திருக்கும். முன்புலம் என்ற பேச்சே எழுந்திருக்காது. அவர் சொன்ன சொல் முரட்டுத்தனமானதுதான், இருந்தாலும் லென்ஸ் தேர்வைப் பற்றிய பாடம் ஒன்று அதற்குள் இருக்கக்கூடும்.

பிழை, அளவு, ரசனை ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் ஒரே குரலில் அவர் சொன்னதால்தான் உங்களுக்கு எல்லாமே அடியாக விழுந்திருக்கின்றன. அது அவர் குறை. மற்றவர்கள் வாய் மூடி இருந்தது அதைவிடப் பெரிய குறை என்பேன். அன்று அவர்கள் "சூப்பர்" என்று சொல்லியிருந்தாலும் நான் இதையே சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த படத்தில் யாராலும் எதையும் மாற்ற முடியாது.

இளைஞர் விஷயத்தில் தவறு உங்களுடையது. ஒரு படத்தின் வானத்தை எடுத்துவிட்டு வேறொரு வானத்தை வைப்பது சரியா என்ற சண்டை நேற்றுத் தொடங்கியதல்ல. 1858இல் சென்னை மாகாண அரசுக்காக மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தம் காகித நெகட்டிவ்களின் மேல் வண்ணம் தீட்டி வானத்தில் மேகங்களைச் சேர்த்திருக்கிறார். அக்கால ஒளிப்படப் பொருள்கள் நீல ஒளிக்கு மட்டும் அதிகமாக எதிர்வினை காட்டியதால், நிலம் சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு இன்னொன்றுமாக எடுத்து இரண்டையும் இணைத்து அச்சிட்டார். அவர்கள் செய்ததெல்லாம் போட்டோகிராபி இல்லை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். ஆவணப் படத்துக்கோ, வானத்தை மாற்றக் கூடாது என்ற விதியுள்ள போட்டிக்கோ அந்தப் படத்தை அனுப்பினால் கதை வேறு. அப்போது அதைத் தட்டிக்கேட்க வேண்டியதுதான். மாதக் கூட்டத்தில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே: வானத்தில் இருக்கும் ஒளியும் அணைத் தண்ணீரில் விழுந்திருக்கும் ஒளியும் ஒரே திசையிலிருந்து வருகின்றனவா, மேகத்தின் செம்மை தண்ணீரில் கொஞ்சமாவது தெரிகிறதா? அந்தக் கேள்வியை அவர் வீட்டுக்கு எடுத்துச்சென்று படத்தைத் திறந்து பார்த்திருக்க முடியும். நீங்கள் கொடுத்ததோ தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஆகவே முதலில் அவரைத் தனியாகச் சந்தியுங்கள். "தம்பி, அந்த வைகை அணைப் படத்தை இன்னொரு முறை காட்டுங்கள். வெளிச்சத்தின் திசையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், வாய் தவறி வேறு எதையோ சொல்லிவிட்டேன்" என்று தொடங்குங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கூட்டத்துக்குத் திரும்பும்போது படம் காட்டும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மூன்று படங்களுக்கு மேல் வேண்டாம், அவையும் முடிந்தவரை அச்சிட்ட படங்களாக இருக்கட்டும். ஆளுக்கொரு கைப்பேசித் திரையில் ஆளுக்கொரு வண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நிறத்தைப் பற்றி விவாதிப்பது வீண் வேலை. எடுத்த கதையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். படத்தை மேசையில் வைத்துவிட்டு, கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே நகர்கிறது என்பதை மட்டும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்பது பிறகு வரட்டும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் மைனர் வைட் தம் மாணவர்களை ஒரே படத்தின் முன் நெடுநேரம் பேசாமல் அமரச் செய்வார். உங்கள் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனமாவது சாத்தியமே. இன்னொன்று, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். பழைய பெரிய கேமராக்களின் கண்ணாடித் திரையில் காட்சி தலைகீழாகத்தான் விழும். அப்படிப் பார்க்கும்போது மலை மலையாகவும் மரம் மரமாகவும் தெரியாமல் வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் தெரியும், தேவையில்லாத ஒரு வெள்ளைப் புள்ளி மூலையில் உட்கார்ந்திருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். (நிலச்சரிவு வந்தது போல் இருக்கிறது என்று யாராவது கட்டாயம் சொல்வார், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேட்கும் கருத்துகளையும் இரண்டாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எடிட்டில் சரிசெய்யக்கூடியது எது, மறுபடி அந்த இடத்துக்குப் போனால்தான் சரியாகும் என்பது எது. அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலவு எழும் காட்சியை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகளாக அச்சுப் படங்கள் போட்டுக்கொண்டே இருந்தார். தொடக்கத்தில் போட்டவற்றில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும், பிற்காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. அவரே தம் படத்தோடு அத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கும்போது, நீங்கள் அன்று மேசையில் வைத்ததை மேகமலைப் படத்தின் ஒரு பிரதியாக மட்டும் எண்ணிக்கொள்ளலாம். மேலும் மேகமலை உங்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களுக்கு வாய்க்காத வசதி அது.

இந்த வாரமே அந்தக் கோப்பைத் திறந்து, விளிம்புக் கோட்டை நீக்குங்கள். பச்சையை விடியற்காலைக்கு இறக்குங்கள். முன்புலத்தை மட்டும் உங்களுக்குப் பிடித்தபடியே விட்டுவிடுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே அளவில் அச்சிட்டு அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச்சென்று, "சார், இந்த இரண்டில் எது அதிகாலை?" என்று அந்த மூத்தவரிடமே கேளுங்கள். எது புதியது என்பதை அவர் பதில் சொல்லும்வரை வெளியிடாதீர்கள்.