கீசர் காயில் அடிக்கடி எரிந்துபோனால் சாஃப்ட்னர் வாங்க வேண்டுமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மாநகராட்சித் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். கீசரின் காயில் மூன்றே ஆண்டுகளில் இரண்டு முறை எரிந்துவிட்டது. வாஷிங் மெஷினில் துவைத்த துண்டுகள் விறைத்துப்போகின்றன. டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது. வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) வைக்கச் சொல்கிறார் ஒருவர். குழாயில் காந்தப் பட்டை கட்டினாலே போதும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். முதலில் அளக்க வேண்டியதை அளந்துவிடலாம்.

உங்கள் மீட்டர் காட்டும் 900, தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளுக்கும் சேர்த்த கணக்கு. கீசரைக் கெடுப்பது அதில் ஒரு பகுதியான கால்சியமும் மக்னீசியமும். அவற்றின் அளவை அந்த மீட்டர் தனியாகச் சொல்லாது. இவ்விரண்டின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். அதை அறியும் சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து நிறங்காட்டியைச் சேர்த்தால் செந்நிறமாகும். பிறகு இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு முழுவதும் மறைந்து தெளிவான நீலம் வரும்வரை விழுந்த சொட்டுகளை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தியும் பரிசோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி.

மாநகராட்சித் தண்ணீர் வரும் சிறுவாணி, பில்லூர் அணைகளில் தேங்குவது மலையில் பெய்த மழை. அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. போர் தண்ணீரோ பாறையிடுக்கில் வெகுகாலம் கிடந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குளிர்ந்த நிலையில் அது கண்ணுக்குத் தெரியாது. சூடேறியதும் கரைந்திருந்த பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அதிகச் சூடு இருக்கும் இடம் காயில் என்பதால் முதலில் அங்கேதான் படியும். இந்தப் படிவம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயிலிலேயே தங்கி, கடைசியில் அதன் உறை வெடிக்கிறது. கீசருக்குள் பொரி பொரிவதுபோல் சத்தம் கேட்டால் படிவம் தடித்துவிட்டது என்று பொருள்.

400 மில்லிகிராம் கடினத்தன்மை என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 100 லிட்டர் சூடாக்கும் வீட்டில் 40 கிராம் கீசர் வழியாகப் போகிறது. எல்லாம் படிவதில்லை. எவ்வளவு படியும் என்பதைப் பெரும்பாலும் சூடுதான் தீர்மானிக்கிறது. 60 டிகிரியைத் தாண்டினால் படிவு வேகமெடுக்கும். எனவே தெர்மோஸ்டாட்டை 50 அளவில் வையுங்கள். எப்படியும் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம்! நாள் முழுவதும் சுவிட்சைப் போட்டே வைக்காமல், குளிப்பதற்கு முன் சூடாக்கிப் பயன்படுத்திவிட்டு அணைத்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கை வரவழைத்துக் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதே கீசர் தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி அரிக்காமலிருக்கத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. தீர்ந்தால் மாற்ற வேண்டும். இன்னொன்றும் முக்கியம். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு சுண்ணாம்பால் அடைத்துக்கொண்டால் அது பணச் செலவோடு நிற்கிற விஷயமல்ல, உயிருக்கே ஆபத்து. அதை இயக்கிச் சோதிக்காமல் அவரை அனுப்பாதீர்கள்.

வாஷிங் மெஷினுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணி போடாமல், 100 கிராம் சிட்ரிக் அமிலத்துடன் சூடான நீரில் ஒரு சுற்று ஓட்டலாம். தயாரிப்பாளரின் கையேடு தடுக்கவில்லை என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டவே வேண்டாம், ஸ்டீல் டிரம்மை அரித்துவிடும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடருடன் சேர்க்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிவரும்.

காந்தப் பட்டைக்கு நான் பணம் தரமாட்டேன். அது கால்சியத்தை நீக்குவதில்லை. பயன் உண்டு என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை.

சாஃப்ட்னர் உண்மையாகவே வேலை செய்யும். அதிலுள்ள ரெசின் என்ற சிறு மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அதனால் பொருத்திய பிறகும் உங்கள் மீட்டர் ஏறக்குறைய அதே 900ஐத்தான் காட்டும். ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள், சொட்டுச் சோதனையால் பாருங்கள். பக்கெட்டில் செந்நிறக் கறை படிகிறதென்றால் தண்ணீரில் இரும்பு இருக்கலாம். அதை முதலில் வடிகட்டாவிட்டால் ரெசின் பாழாகும்.

அளவு 200க்குள் இருந்தால் சாஃப்ட்னர் தேவையில்லை. 300, 400 என்றால் வீடு முழுவதற்கும் வேண்டாம். கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாயில் மட்டும் சிறியதாக ஒன்று போதும். 600ஐத் தாண்டினால் குடியிருப்புச் சங்கத்தில் பேசித் தொட்டியிலேயே பொதுவாக ஒன்று வைப்பது சிக்கனம். மொட்டை மாடி மழைநீரை வடிகட்டிச் சம்ப்பில் சேர்க்க முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள். பாதிக்குப் பாதி கலந்தாலே கடினத்தன்மை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ரெசினை அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். அப்படிக் கழுவி வெளியேறும் உப்புநீர் எங்கே போகிறது என்பதைப் பொருத்தும் நாளிலேயே கவனியுங்கள். அது கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும். மழைநீர்க் குழியில் விட்டால் உங்கள் போர் தண்ணீரிலேயே உப்பு ஏறும். செடிகளுக்கும் அது ஆகாது.