ஐம்பது பேர்கூட இல்லாத ஊருக்கு இரண்டு மேயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்): பெர்லின் சுவர் பற்றிப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ஜெர்மனியில் ஒரு குக்கிராமத்தின் நடுவிலும் அதே மாதிரி சுவர் இருந்ததாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஊர் பெயர் மோட்லாராய்ட். பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், ஹோஃப் என்ற நகரத்துக்கு வடக்கே, மேடும் பள்ளமுமான வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து பெர்லின் போகும் ஏ9 நெடுஞ்சாலை பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் வேலை இல்லாமல் யாரும் இந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப மாட்டார்கள். சில பண்ணை வீடுகள், ஒரு குளம், ஊர் நடுவே டான்பாக் என்ற ஓடை, அவ்வளவுதான் ஊர். ஓடையும் பெரிய ஓடை இல்லை, கொஞ்சம் எட்டிக் கால் வைத்தால் அந்தக் கரை. இந்தக் கரை பவேரியா, அந்தக் கரை துரிங்கியா என்ற இன்னொரு மாநிலம். அதாவது ஒரு காலத்தில் இந்தக் கரை மேற்கு ஜெர்மனி, அந்தக் கரை கிழக்கு ஜெர்மனி! அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்கு ‘குட்டி பெர்லின்’ என்று பெயர் வைத்தார்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): ஒரே ஊரை ஓடையை வைத்துப் பிரித்தது யார்? ரஷ்யாக்காரர்களா?

பதில்: கோடு போட்டவர்கள் அவர்கள் இல்லை. அது அரச குடும்பங்களின் பழைய சொத்துக் கணக்கு. ஓடைக்குத் தெற்கே பைராய்ட் சிற்றரசு, வடக்கே ராய்ஸ் என்ற இன்னொரு சிற்றரசு. பைராய்ட் 1792-ல் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் ராஜ்யத்திடம் போனது, 1806-ல் நெப்போலியன் படை பிடித்துக்கொண்டது, 1810-ல் அவர் அதைப் பவேரியா ராஜ்யத்துக்கு விற்றுவிட்டார். புதுச் சொந்தக்காரர் வந்தால் முதலில் அளந்து கல் நடுவதுதானே வழக்கம்? அப்படித்தான் 1810-ல் ஓடையோரம் எல்லைக்கல் நட்டார்கள். கல்லின் ஒரு பக்கம் பவேரியா ராஜ்யத்தின் முதலெழுத்துகள், மறுபக்கம் ராய்ஸ் சிற்றரசின் முதலெழுத்துகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர்க்காரர்கள் யாரும் அந்தக் கல்லைச் சட்டை செய்யவே இல்லை. பள்ளிக்கூடமும் பீர் கடையும் வடகரையில் இருந்தன, கோயிலுக்குப் போக பவேரியாப் பக்கத்து டோப்பன் கிராமம். பிள்ளைகள் படிக்க ஒரு நாடு, அப்பா குடிக்க அதே நாடு, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு மட்டும் இன்னொரு நாடு. முதல் உலகப்போர் முடிந்து ராஜாக்கள் போனார்கள், 1920-ல் ராய்ஸ் துரிங்கியாவோடு சேர்ந்தது, அப்போதும் ஓடை சும்மாதான் ஓடிக்கொண்டிருந்தது.

விவகாரம் 1944-ல் லண்டனில் ஆரம்பித்தது. தோற்கப்போகிற ஜெர்மனியை எப்படிப் பங்கு போடுவது என்று நேச நாட்டு அதிகாரிகள் உட்கார்ந்து பேசினார்கள். புதுசாகக் கோடு போடுவானேன் என்று பழைய மாநில எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். துரிங்கியா சோவியத் பங்கு, பவேரியா அமெரிக்கப் பங்கு. மோட்லாராய்ட் என்று ஓர் ஊர் இருப்பது அந்த மேஜையில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்): சுவர் இருந்தபோது அந்த மக்கள் எப்படித்தான் வாழ்ந்தார்கள்?

பதில்: முதல் சில வருடங்கள் அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய்வர முடிந்தது. 1952 மே 26-ம் தேதி கிழக்கு ஜெர்மனி அரசு எல்லை முழுவதற்கும் ஓர் உத்தரவு போட்டது. எல்லைக் கோட்டை ஒட்டி 10 மீட்டர் நிலத்தை உழுது வெறும் மண்ணாக வைக்க வேண்டும், யாராவது ஓடினால் கால்தடம் பதியட்டும் என்று. அடுத்து 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை, அதற்கும் அப்பால் 5 கிலோமீட்டர் வரை தடை மண்டலம். ஊரே 500 மீட்டருக்குள்தான் இருக்கிறது! உள்ளே குடியிருக்கவே தனி அனுமதி, வெளியூரில் இருக்கிற மகளோ மச்சானோ பார்க்க வருவதற்கும் அனுமதி.

அந்த ஜூன் மாதமே எல்லை நெடுக ‘நம்பத்தகாதவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட ஆயிரக்கணக்கான பேரை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் ‘பூச்சி புழு ஒழிப்பு’. சொந்த ஜனங்களைப் பூச்சி என்று கோப்பில் எழுதிய அரசாங்கத்தைப் பற்றி நான் தனியாக என்ன சொல்ல!

ஊருக்குள் முதலில் வந்தது ஆள் உயரத்துக்கு மேல் பலகை வேலி. பிறகு கம்பி வேலி. 1966-ல் கான்கிரீட் சுவர், 700 மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சம். ஒரு நுணுக்கம் கவனியுங்கள்: எல்லை ஓடையில் இருக்கிறது, சுவரோ கிழக்கு மண்ணில் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுப்பப்பட்டது. அதனால் மேற்குப் பக்கத்துக்காரர் சுவரின் கிட்டேகூடப் போகக் கூடாது, ஓடையைத் தாண்டிக் கால் வைத்தாலே அந்நிய நாட்டுக்குள் அத்துமீறல். மேற்கிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள், 1983 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷும் (மூத்தவர்) வந்தார். இந்தக் கரையிலிருந்து கை காட்டலாம், தடையில்லை. அந்தக் கரையில் இருப்பவர் பதிலுக்குக் கை அசைத்தால் குற்றம். பல வருடம் எதிர்வீட்டில் இருந்தவர் கூப்பிட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்தக் கான்கிரீட்டைவிட இதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது.

சுவரைத் தாண்டித் தப்பியவர் ஒருவர் உண்டு. 1973 மே மாதம், ஓர் ஓட்டுநர் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, ஏணி போட்டு ஏறி மேற்கே குதித்துவிட்டார்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகர்): ஜெர்மனியிலேயே மிகச் சின்ன ஊர் இதுதானா?

பதில்: இல்லை. க்ரோடே என்று வட கடலில் ஒரு தீவு, டியர்ஃபெல்ட் என்று மேற்கே ஒரு மலைக்கிராமம், இரண்டிலும் பத்துப் பேர் அளவில்தான் இருப்பார்கள், அதற்கே தனி ஊராட்சி. மோட்லாராய்ட் ஊராட்சிகூட இல்லை. தெற்குப் பாதி டோப்பனுக்குச் சொந்தம், வடக்குப் பாதி கெஃபெல் என்ற சிறு நகரத்துக்குச் சொந்தம்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி): பெர்லின் சுவர் திறந்த அன்றே இங்கேயும் திறந்துவிட்டார்களா?

பதில்: அதுதான் இல்லை. பெர்லினில் 1989 நவம்பர் 9 ராத்திரி. இங்கே ஒரு மாதம் கழித்து டிசம்பர் 9-ம் தேதிதான், அதுவும் நடந்து போகிற அளவுக்கு ஒரு வழி. நடுவில் அந்த ஒரு மாதம் எதிர்க்கரை வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வேறு எங்கோ இருக்கும் எல்லைச் சாவடி வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அப்புறம் 1990 ஜூன் 17-ல் இயந்திரத்தைக் கொண்டுவந்து சுவரை இடித்தார்கள். தேதியைச் சும்மா பிடிக்கவில்லை. 1953-ல் அதே நாளில்தான் கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் எழுச்சி செய்தார்கள், சோவியத் டாங்கிகள் நசுக்கின.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): இப்போது ஒரே நாடுதானே, ஊரையும் ஒன்றாக்கிவிட வேண்டியதுதானே?

பதில்: இரண்டு மாநிலம் சார், அங்கேதான் இடிக்கிறது. ஐம்பதாயிரம் பேர் வரை உள்ள இடத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டால் போதும் என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் போடவில்லை. அதனால் இன்றைக்கும் ஊருக்கு இரண்டு மேயர். தென்கரைக்கு அஞ்சல் குறியீடு 95183, வடகரைக்கு 07926. வண்டி எண் பலகையும் தொலைபேசிக் குறியீடும் வேறு வேறு. விடுமுறை இன்னும் தமாஷ்: ஜனவரி 6 தென்கரைக்கு லீவு, வடகரைக்கு வேலை நாள். அக்டோபர் 31 வடகரைக்கு லீவு, தென்கரைக்கு வேலை நாள். மறுநாள் நவம்பர் 1 அப்படியே தலைகீழ். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு நீண்ட வாரயிறுதிக்குத் திட்டம் போடுவது கஷ்டம்தான், ஆனால் இதற்காக யாரும் வேலி கட்டக் கிளம்பவில்லை. 1810-ல் கல் நட்டபோது இருந்த மாதிரியேதான், கோடு இருக்கிறது, ஆளுக்குத் தொந்தரவு இல்லை.

கேள்வி (அதே கோவை வாசகர்): மகன் ஜெர்மனியில் இருக்கிறான். போனால் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: சுமார் 100 மீட்டர் சுவரை இடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள், காவல் கோபுரம், கம்பி வேலி எல்லாம்கூட நிற்கின்றன, சேர்த்து அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். ரயிலில் ஹோஃப் வரை போகலாம், அதற்கு மேல் மகனைக் கார் ஓட்டச் சொல்லுங்கள். போனால் முதலில் சுவரைப் பார்க்காமல் ஓடையையும் எல்லைக்கல்லையும் பாருங்கள், கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.