கவசமா, காப்பா, உறையா?

மதுரை வட்டாரத்து வாசகர்கள் கேட்ட சொல் சந்தேகங்களுக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொன்ன பதில்கள்.

செல்லூரிலிருந்து: ஐயா, கவசம் தமிழ்ச் சொல்தானா?

வடசொல். அதற்காகத் தள்ளிவைக்க வேண்டாம், நம் வாயில் ஊறிப்போன சொல். பழந்தமிழில் மெய்ம்மறை என்றார்கள். மெய்யை மறைப்பது, அவ்வளவுதான். பதிற்றுப்பத்தில் சேர மன்னனையே ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று அழைக்கிறார்கள். அங்கே சான்றோர் என்றால் படித்த பெரியவர்கள் இல்லை, போர்வீரர்கள். படைக்கு முன்னால் நின்று அடியைத் தான் வாங்கிக்கொள்பவன் என்று பொருள். இவ்வளவு அழகான சொல் புழக்கத்தில் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

திருநகரிலிருந்து: கந்த சஷ்டி கவசத்தில் கவசம் எங்கே ஐயா இருக்கிறது?

பாட்டேதான் கவசம். உறுப்பு உறுப்பாகப் பேர் சொல்லி, இதை வேல் காக்கட்டும், அதை வேல் காக்கட்டும் என்று உடம்பு முழுக்கப் போர்த்திவிடுகிறது. உங்கள் பக்கத்துத் திருப்பரங்குன்றத்திலும் பாருங்கள், மூலவர் குடைவரைச் சிற்பம் என்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான்.

மேலூரிலிருந்து: வெள்ளிக் கவசம் என்கிறார்கள், சந்தனக் காப்பு என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

தகடாக அடித்துச் சாத்தினால் கவசம், பூசினால் காப்பு. அழகர்கோயில் மூலவருக்கு ஆடி அமாவாசையில் தொடங்குவது தைலக்காப்பு. அதைத் தைலக் கவசம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? காப்பின் குடும்பம் பெரிது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கையில் கட்டுவது, பிள்ளைக்குப் போடும் வெள்ளி வளையம், நூலின் முதல் பாட்டு, அப்புறம் காப்பீடு, காப்புரிமை எல்லாம் அதன் பிள்ளைகள்.

தெப்பக்குளத்திலிருந்து: பைபிளில் வரும் தலைச்சீரா, ஹெல்மெட்தானா?

அதேதான். எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் மார்க்கவசமும் உண்டு, தலைச்சீராவும் உண்டு. ஆனால் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்றானபோது அறிவிப்புகளில் வந்தது தலைக்கவசம். இன்றைக்குக் கோரிப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி ‘தலைச்சீரா எங்கே தம்பி’ என்று கேட்டால் பையன் முழிப்பான்.

ஆரப்பாளையத்திலிருந்து: முகமூடி, முகக்கவசம் எது சரி?

இரண்டும் சரி. ஆளை மறைக்கப் போட்டால் முகமூடி, நோயைத் தடுக்கப் போட்டால் முகக்கவசம். 2020இல் இந்தச் சொல் வீடு வீடாகப் போய்விட்டது.

உசிலம்பட்டியிலிருந்து: போன் கவரைக் கைபேசிக் கவசம் எனலாமா?

வேண்டாம். வீரனுக்குக் கவசம், அவன் வாளுக்கு உறை. பொருளுக்கு உறைதான் பொருந்தும். அப்படியானால் கையுறை, காலுறை என்கிறோமே என்று மடக்குவீர்கள். சரி, மடக்கிக்கொள்ளுங்கள். கடையில் மட்டும் கவர் என்றே கேளுங்கள், உறை கேட்டால் தலையணை உறையை எடுத்துப் போடுவார்கள்.